கூராயி அனுப்பாத கடிதம்

பிள்ளைகளே, முதலில் ஒரு விடுகதை.

கால் இல்லை, ஆனால் வாசல் வரை வரும். வாய் இல்லை, ஆனால் தெரிந்தவர் பெயரைச் சொல்லும். கை இல்லை, அதனால் நாமே கதவைத் திறந்துவிடும்வரை வெளியே காத்திருக்கும். உள்ளே வந்துவிட்டாலோ வீட்டையே புரட்டிப் போட்டுவிடும். அது என்ன?

காற்று என்று சொல்லப் போகிறீர்கள். காற்று யார் பெயரையும் சொல்லாது. திருடன் என்பீர்கள். திருடனுக்குக் கால் உண்டு. அவசரப்படாமல் கதையைக் கேளுங்கள். விடை நடுவிலேயே வந்து நிற்கும்.

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் கிடக்கும். மானும் அங்கேதான் குடிக்க வேண்டும், சிறுத்தையும் அங்கேதான் குடிக்க வேண்டும். அதனால் விலங்குகள் எல்லாம் கூடிப் பேசி, தண்ணீருக்கு முறை வைத்துக்கொண்டன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நேரம். சிறுத்தையும் ஒப்புக்கொண்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு.

"உங்கள் நேரத்தில் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். என் நேரத்தில் யார் வந்து நின்றாலும் அது எனக்குச் சாப்பாடு. பிறகு யாரும் வந்து அழக்கூடாது."

முறைப் பட்டியலைக் கவனித்துக்கொண்டது கூராயி என்ற முள்ளம்பன்றி. நிதானமான விலங்கு. ஒரு வேலையைத் தொட்டால் சரியாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். தண்ணீர் வற்ற வற்ற நேரங்களும் மாறும் என்பதால், தினமும் காலையில் கூராயி அன்றைய நேரங்களைக் கணினியில் எழுதி எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். ஆமாம், அந்தக் காட்டில் குகைக்கு ஒரு கணினி, புதருக்கு ஒரு கணினி இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லப் போனால் கதை நீண்டுவிடும்.

இந்த ஏற்பாடு பிடிக்காத விலங்கு ஒன்றே ஒன்றுதான். அது நரி. சிறுத்தை தின்று மிச்சம் வைப்பதைத் தின்றுதான் நரி கோடையைக் கழிக்கும். மானும் சிறுத்தையும் குட்டையில் சந்திக்காவிட்டால் மிச்சத்துக்கு எங்கே போவது?

மூன்று வாரம் பட்டினி கிடந்த நரி கணினியைக் கெடுக்கும் ஒரு வைரஸைத் தயார் செய்தது. அதை ஒரு மின்னஞ்சலோடு இணைத்து மயிலுக்கு அனுப்பியது. "உங்கள் தோகைக்கு முதல் பரிசு. பாராட்டுப் பத்திரம் இணைப்பில் உள்ளது" என்று எழுதியிருந்தது.

மயில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும் பரிசு வந்ததில் அதற்கு வியப்பே இல்லை. உடனே இணைப்பைத் திறந்தது.

பத்திரம் வரவில்லை. திரை ஒரு முறை இருண்டு வெளுத்தது. அவ்வளவுதான். மயிலின் படங்கள் எல்லாம் அழிந்துபோயின. மயிலின் கடவுச்சொல் நரியிடம் போய்ச் சேர்ந்தது. படங்கள் போனது மட்டும்தான் மயிலுக்குத் தெரிந்தது. நேராகக் கூராயியிடம் ஓடியது.

"கூராயி அக்கா, என் ஆயிரத்து இருநூறு படங்களையும் காணோம்."

"எதையாவது திறந்தாயா?"

"இல்லை."

"மயிலே."

"ஒரே ஒரு பத்திரம். அதுவும் பாராட்டுப் பத்திரம்."

"எந்தப் போட்டிக்கு?"

மயில் யோசித்தது. "அதில் எழுதவில்லை."

"நீ போட்டியில் கலந்துகொண்டாயா?"

"கலந்துகொண்டால்தான் எனக்குப் பரிசு தருவார்களா, அக்கா?"

கூராயியின் முதுகில் முட்கள் லேசாக எழுந்தன. அது மூச்சை இழுத்துவிட்டு முட்களை மடக்கிக்கொண்டது. பாதி நாள் உட்கார்ந்து மயிலின் கணினியைச் சுத்தம் செய்தது. பிறகு எல்லா விலங்குகளையும் ஆலமரத்தடிக்கு அழைத்தது.

"ஒரே ஒரு விதி. மின்னஞ்சலோடு ஏதாவது இணைப்பு வந்தால், யார் பெயரில் வந்தாலும், பார்த்தவுடன் திறக்காதீர்கள். அனுப்பியவரிடம், 'நீதான் அனுப்பினாயா?' என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் மட்டும் திறங்கள்."

யானை தும்பிக்கையைத் தூக்கியது. மிகவும் மரியாதையான விலங்கு அது. யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "அப்படிக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களே."

"நினைக்கட்டும்."

"மனம் நோகுமே, கூராயி."

"நோகட்டும், யானை அண்ணே."

"புரிந்தது, புரிந்தது, போகலாமா?" என்றது குரங்கு. அது எப்போதும் பாதிக் கிளையில்தான் உட்காரும்.

"நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை."

"அதுதான் புரிந்துவிட்டதே" என்று சொல்லிக்கொண்டே குரங்கு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. அதைப் பார்த்து மற்ற விலங்குகளும் கலைந்தன.

இரண்டு நாள் கழித்து யானையின் கணினி படுத்துவிட்டது. கூராயி போய்ப் பார்த்தது. மயில் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "புதிய படம், பார்த்துச் சொல்லுங்கள்" என்ற வரியும் ஓர் இணைப்பும் அதில் இருந்தன. விடுகதையின் விடை கிடைத்ததா, பிள்ளைகளே? தெரிந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும் இந்த வைரஸ்தான்.

"திறப்பதற்கு முன் கேட்டீர்களா, அண்ணே?"

"அந்தத் தம்பி எவ்வளவு ஆசையாக அனுப்பியிருக்கிறான். திறக்காமல் வைத்தால் நன்றாகவா இருக்கும்?"

"அவன் அனுப்பவே இல்லை. அவன் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள்."

"யார் அனுப்பினால் என்ன, ஆசையாக அனுப்பியிருக்கிறார்கள். படம் அருமை என்று பதிலும் போட்டேன்."

"படம் வந்ததா?"

"வரவில்லை" என்றது யானை. "இருந்தாலும் அப்படிச் சொல்வதுதானே முறை."

கூராயி மாலை வரைக்கும் உட்கார்ந்து யானையின் கணினியைச் சரிசெய்தது. வேலை முடிந்து எழுந்தபோது, தான் உட்கார்ந்த இடத்தில் ஏழு முட்கள் உதிர்ந்து கிடந்ததைக் கவனித்தது.

மறுநாள் மதியம் மூன்றரை மணிக்குக் குரங்கு வந்து கூப்பிட்டது. அதன் கணினியும் போய்விட்டது. ஆனால் குரங்கின் முகத்தில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

"மயில் பெயரில் இணைப்பு வந்தது, அக்கா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். கேட்டுவிட்டுத்தான் திறந்தேன்."

குரங்கோடு நடந்துகொண்டிருந்த கூராயி நின்றது. "யாரிடம் கேட்டாய்?"

"மயிலிடம்தான். 'நீதான் அனுப்பினாயா?' என்று கேட்டேன். 'ஆமாம் அண்ணே, நானேதான், சீக்கிரம் திறங்கள்' என்று சொன்னது."

"மயிலை எங்கே பார்த்தாய்?"

"பார்க்கவில்லை. அந்த மின்னஞ்சலுக்கே பதில் போட்டுக் கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மயில் இவ்வளவு சுறுசுறுப்பு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது."

கூராயியின் முட்கள் எல்லாம் குத்திட்டு நின்றன.

"பதில் போட்டது மயில் இல்லை."

"பின்னே யார்?"

"அந்த வைரஸை அனுப்பியவன். மயிலின் கடவுச்சொல் அவன் கையில் இருக்கிறது."

"அவன் ஏன் ஆமாம் என்று பொய் சொல்ல வேண்டும்?"

"வேறு என்ன சொல்வான்? வாசலில் நிற்கிற திருடனிடமே போய், 'ஐயா, நீங்கள் திருடனா?' என்று கேட்டிருக்கிறாய். அவன் இல்லை என்றான். நீ உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாய்."

குரங்கு தலையைச் சொறிந்தது. "கேள் என்றுதானே சொன்னீர்கள். எப்படிக் கேட்பது என்று சொல்லவில்லையே."

நீ நின்றிருந்தால் சொல்லியிருப்பேன் என்று கூராயிக்கு வாய்வரை வந்தது. அதே நேரத்தில், நேரில் போய்க் கேளுங்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது. அதனால் எரிச்சல் இரண்டு மடங்கானது. குரங்கின் மரத்தடிக்குப் போய் அதன் கணினி முன்னால் உட்கார்ந்தது.

அங்கே ஒன்றைப் பார்த்ததும் அதன் எரிச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டது.

குரங்கின் கணினியில் இருந்த முகவரிகளை எல்லாம் வைரஸ் பொறுக்கி எடுத்திருந்தது. அங்கிருந்து அடுத்தவர் பெயரில் மின்னஞ்சல்கள் போயிருந்தன. ஒன்றில் அனுப்பியவர் பெயர் கூராயி என்று இருந்தது. அது மான் கூட்டத்துக்குப் போயிருந்தது.

"மான்களுக்கு மட்டும். இன்று கூடுதலாக ஒரு முறை தண்ணீர் குடிக்கலாம். நேரம் இணைப்பில் உள்ளது."

"நல்ல செய்திதானே" என்றது குரங்கு, எட்டிப் பார்த்து.

"இதை நான் எழுதவில்லை."

"உங்கள் பெயர் இருக்கிறதே, அக்கா."

கூராயி இணைப்பைத் தொடவில்லை. தொடாமலே அதற்குப் புரிந்துவிட்டது. காட்டில் மான்களை அவற்றின் நேரம் தவறிக் குட்டைக்கு வரவழைத்தால் யாருக்கு லாபம்? சிறுத்தைக்கு. சிறுத்தைக்கு அப்புறம் நரிக்கு. இன்று சிறுத்தையின் நேரம் மாலை ஐந்து மணி. இணைப்புக்குள் வைரஸோடு அந்த ஐந்து மணியும்தான் இருக்கும். இப்போது மணி நான்கு.

"உடனே எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்" என்றது குரங்கு. "'கூராயி பெயரில் வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள்' என்று."

"யார் பெயரில் போடட்டும்?"

"உங்கள் பெயரில்தான்."

கூராயி குரங்கையே பார்த்தது.

"ஓ" என்றது குரங்கு. பிறகு, "சரி, நான் மரத்துக்கு மரம் தாவிப் போய்ச் சொல்லிவிடுகிறேன்" என்று எழுந்தது.

"நல்லது. மான்கள் இப்போது மூங்கில் புதருக்கு..."

குரங்கு போய்விட்டது. மேற்கே போனது. மூங்கில் புதர் கிழக்கே இருந்தது.

கூராயி ஓடத் தொடங்கியது. முள்ளம்பன்றிகள் ஓடுவதற்குப் பிறந்தவை அல்ல. கால்கள் குட்டை, உடம்பு கனம், ஒவ்வோர் அடிக்கும் முட்கள் சலசலக்கும். ஓடிக்கொண்டே மான்களை நினைத்தது. முப்பத்தொரு மான்கள். காலையில் அவை குடித்தது ஆளுக்கு நாலு வாய்கூட இருக்காது. நாக்கு வறண்டு கிடக்கும். கூராயி சொன்னால் அந்தக் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நரி தூண்டிலில் மாட்டியிருந்தது.

மான்களின் கணினியைப் பார்த்துக்கொள்வது மருதி என்ற குட்டி. பெரிய மான்களின் குளம்பு பட்டால் ஒரே மிதியில் நான்கு எழுத்துகள் விழும். அதனால் அந்த வேலை குட்டியிடம் வந்திருந்தது. யானையும் குரங்கும் மயிலும் திறந்ததை, தாகத்தில் இருக்கும் ஒரு குட்டி திறக்காமல் விடுமா? கூராயிக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஓடியது.

பாதி வழியில் ஒரு கல் தடுக்கி உருண்டது. எழுந்து மறுபடியும் ஓடியது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மூச்சு வாங்க, மூங்கில் புதரை அடைந்தது.

மான்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. கூராயி எண்ணிப் பார்த்தது. முப்பது. திரும்பவும் எண்ணியது. முப்பதுதான். நடுவில் கணினி ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அந்த மின்னஞ்சல் அப்படியே இருந்தது. அதன் இணைப்பை யாரும் திறக்கவில்லை.

கலைமான் எரிச்சலோடு எழுந்து வந்தது. அது மருதியின் பெரியப்பா.

"வாருங்கள் அம்மா. உங்களால் இங்கே ஒரே ரகளை. தண்ணீர் உண்டு என்று அனுப்பிவிட்டீர்கள். எத்தனை மணிக்கு என்று பார்க்க முடியவில்லை. நான் மிதித்தால் இந்தப் பெட்டிக்குப் புரியமாட்டேன் என்கிறது."

"மருதி எங்கே?"

"உங்கள் வளைக்குப் போயிருக்கிறாள். வழியில் பார்க்கவில்லையா?"

"நான் குரங்கின் மரத்திலிருந்து வருகிறேன். எதற்குப் போனாள்?"

"இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்கப் போயிருக்கிறாள். திற என்று நான் சொன்னேன், அவள் அம்மா சொன்னாள், எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை."

கூராயி கீழே உட்கார்ந்தது. "பதில் போட்டே கேட்டிருக்கலாமே" என்றது மெல்ல.

"அதையும் சொல்லிப் பார்த்தோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அந்தக் கடிதத்திடமே கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நடந்து போய்விட்டாள்."

நீதி: தெரிந்தவர் பெயரில் வந்தாலும் எதிர்பாராத இணைப்பைத் திறக்காதே, அனுப்பியவரை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்.