பொட்டு வெச்ச பேட்டரி

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு. போர்வைய இழுத்துக்கோ, கால வெளிய நீட்டாத. நான் நிறுத்துற இடத்துல 'ம்' போடணும், போடலன்னா கதையும் படுத்துடும். தெரிஞ்சுதா?

ம்.

அந்த வீட்ல கீழ அண்ணன் பொண்டாட்டி சௌந்தரம், மேல தம்பி பொண்டாட்டி பூரணி. செல்போன் எல்லாம் வராத காலம். ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே நம்பர், ஒரு கார்ட்லெஸ் போன். கீழ் வீட்ல ஒரு ரிசீவர், மேல் வீட்ல ஒரு ரிசீவர். சௌந்தரத்துக்கு ஒரே பிள்ளை கதிரேசன், மஸ்கட்ல வேலை. பூரணிக்குப் பிள்ளை இல்ல.

வெள்ளிக்கிழமை மூணு மணியானா கிணிகிணிகிணின்னு அடிக்கும். சௌந்தரம் ஓடிப்போய் எடுப்பா. "கதிரேசா, சாப்ட்டியா?"ன்னு கேட்டு வாய மூடுறதுக்குள்ள, கீக்... கீக்... கீங்! போன் செத்துப்போயிடும். அப்புறம் அவன் திரும்பக் கூப்பிடுவான். கீழதான் செத்துப்போச்சே, அப்போ மேல பூரணி எடுப்பா. எடுத்தா அரை மணி நேரம்! அதுவும் கெக்கெக்கேன்னு சிரிப்பு வேற.

நடுவுல, "அக்கா, மேல வாங்க, கதிரேசன் லைன்ல இருக்கான்!"னு கூப்பிடுவா. போவாளா சௌந்தரம்? மாட்டா. 'பத்து மாசம் சுமந்தது நானு. என் பிள்ளைகிட்ட பேச இவகிட்ட போன் இரவல் வாங்கணுமா?'ன்னு அடுப்படியில நின்னு புகைவா. அடுப்பு அணைஞ்சிருக்கும், அவளுக்கு வயிறு மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும்.

ம்.

அப்புறம் அவ என்ன பண்ணினா, போன சார்ஜ் ஏறுற ஸ்டாண்டுல வெச்சு மூணு நாள் தொடவே இல்ல. வெள்ளிக்கிழமை வந்துச்சு. "சாப்ட்டியா?" கீக், கீங்!

அப்புறம் பின்னாடி மூடிய சரக்குன்னு கழட்டினா. உள்ள மூணு குட்டி பேட்டரிய ஒண்ணா ஒட்டி, செவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் வெச்சிருந்தாங்க. அதை உருவி, மொட்டை மாடியில வத்தலுக்குப் பக்கத்துல காய வெச்சா. டார்ச் லைட் பேட்டரிக்கு அப்படித்தானே பண்ணுவோம்! பேட்டரி நல்லா சுட்டுச்சு. வெள்ளிக்கிழமை? "சாப்ட்டி..." கீங்! 'யா' கூட வரல, பாவி மக்கா.

அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. அரிவாள்மணை, கத்தரிக்கோல், கதிரேசனோட பழைய சைக்கிள் எல்லாத்தையும் துடைச்சு வரிசையா வெச்சா. கடைசியில அந்தப் பேட்டரி. அதுக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம். "ஆத்தா, அரை மணி நேரம் குடு"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. ஆத்தா என்ன பண்ணுவா? வயசான பேட்டரிக்கு எந்தப் பூஜை உசுரு குடுக்கும்? அந்த வெள்ளியும் கீங்!

மேல கெக்கெக்கே.

ம்... அப்புறம்?

அப்புறம்தான் புத்தி கெட்டுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில பூரணி கோவிலுக்குப் போனா. சௌந்தரம் முட்டி வலியோட மெதுமெதுவா மாடியேறினா. பூரணியோட பேட்டரிய உருவினா, தன்னோட செத்த பேட்டரிய உள்ள சொருகினா, டப்புன்னு மூடிட்டு எறங்கி வந்து, உருவினதத் தன் போன்ல மாட்டிட்டா.

மூணு மணி. கிணிகிணிகிணி!

"கதிரேசா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. நீங்க?"

"ஆச்சு. சளி கிளி இல்லையே?"

"இல்லம்மா."

"அப்புறம்?"

"அப்புறம்... நீங்கதான் சொல்லணும்."

போன் நல்லா உசுரோட இருக்கு. ஆனா இவளுக்குப் பேச ஒண்ணும் வரல. கடிகாரத்தப் பார்த்தா ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அப்போ அவன் கேட்டான், "ஏம்மா, சித்தி இல்லையா?"

குப்புன்னு எரிஞ்சுது பாரு அவளுக்கு! "இல்ல"ன்னு போன வெச்சுட்டு, திரும்பினா, வாசப்படியில பூரணி. கையில பேட்டரி.

"அக்கா, என் போன் எழுந்திரிக்கவே இல்ல. தெறந்து பார்த்தேன். நான் பேட்டரிக்குப் பொட்டு வெக்கலையே?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சா சௌந்தரம். அந்தக் குங்குமத்தைத் துடைக்க மறந்துட்டா பாரு!

"நான்தாண்டி எடுத்தேன்"னா. "வயித்தெரிச்சல். என் பிள்ளை உன்கிட்ட மட்டும் அப்படிச் சிரிக்கிறான்."

பூரணி தரையில உக்காந்துட்டா. "உங்களைப் பத்திதான்கா சிரிப்பான். கீரைக்காரம்மாகிட்ட நீங்க போட்ட சண்டைய நான் நடிச்சுக் காட்டணும். அம்மா முட்டிக்கு எண்ணெய் போட்டாங்களா, மாத்திரை முழுங்கினாங்களா... அரை மணி நேரமும் அம்மா, அம்மா, அம்மா. எனக்கும் எரியும்கா. 'சித்தி, நீங்க எப்படி இருக்கீங்க'ன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்ல."

சௌந்தரமும் முட்டியப் புடிச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்தா.

தூங்கிட்டியா?

இல்ல... ம்.

மறுநாள் ரெண்டு பேருமா அந்தப் பொட்டு வெச்ச பேட்டரிய மாதிரிக்கு எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனாங்க. கடைக்காரர் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே அளவுல புதுசு குடுத்தார். "மொதல்ல ஒரு நாள் முழுக்க ஸ்டாண்டுல வெச்சிருங்க, அப்புறம் பேசுங்க"ன்னார். பூரணியோட பேட்டரிய அவகிட்டயே குடுத்துட்டு, புதுச சௌந்தரம் தன் போன்ல மாட்டினா.

அப்புறம் வெள்ளிக்கிழமை. கிணிகிணிகிணி! கீழ ஒருத்தி, மேல ஒருத்தி, ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்தாங்க.

"அம்மா, முட்டி வலி எப்படி..."

"என் முட்டி கெடக்கட்டும்டா. சித்தி லைன்ல இருக்கா. சித்தி எப்படி இருக்கான்னு கேளு மொதல்ல."

 அப்புறம், "சித்தி, நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னான்.

மேல இருந்து உஸ்ஸு உஸ்ஸுன்னு மூக்க உறிஞ்சுற சத்தம். "நல்லாருக்கேன்பா. ரொம்ப நல்லாருக்கேன்."

சௌந்தரத்துக்கு அப்பவும் வயித்துல ஒரு துளி எரிஞ்சுது. ஒரே துளிதான். ஆனா போன வெக்காம, அவங்க ரெண்டு பேரும் பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்தா.

அவ்வளவுதான். பேட்டரிக்கு ஸ்டாண்டு, உனக்குப் பாயி. கதைக்கு சார்ஜ் தீந்துச்சு, கண்ண மூடி நீ ஏத்திக்கோ.