மீன்காரிக்கு றெக்கை வரைஞ்ச துரை

காலை நீட்டிப் படுத்துக்கோ. போர்வைய இழுத்துக்கோ. ம் கொட்டிக்கிட்டே வரணும், நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

கடலுக்கு அந்தாண்ட, இங்கிலாந்துல, எப்பப் பாத்தாலும் பிசுபிசுன்னு மழை தூறிக்கிட்டே இருக்கிற ஒரு ஊர்ல ஒரு மீன்காரி இருந்தா. பேரு நெல்லி. ஆமா, நம்ம நெல்லிக்கா நெல்லிதான், அந்த ஊர்லயும் அப்படிப் பேரு வைப்பாங்க. ஆளு ஆட்டுக்கல்லு மாதிரி இருப்பா. முன்பல்லுல ஒரு சந்து. தெருவுல நின்னு "மீனோய்"னு ஒரு குரல் குடுத்தா, அடுத்த தெருப் பூனையெல்லாம் எழுந்து உக்காரும்.

ம் சொல்லு.

அப்போ அந்த ஊருக்குப் படம் வரையிற ஒருத்தன் வந்து சேந்தான். ஆஸ்வால்டுன்னு பேரு. நம்ம வாயில நுழையாது, ஒசுவால் துரைன்னே வச்சுக்குவோம். அவன் ஒரு தினுசு. தொப்பி மேல தொப்பி போட்டுக்குவான், ஒண்ணு மழைக்காம், ஒண்ணு வெயிலுக்காம். அந்த ஊர்ல வெயில் எங்கே இருக்கு? பிரஷ்ஷைத் துணியில தொடைக்க மாட்டான், தாடியில தொடைப்பான். தாடி நீலமா இருந்தா இன்னிக்கு வானம் வரைஞ்சிருக்கான், பச்சையா இருந்தா மரம் வரைஞ்சிருக்கான்னு ஊர்க்காரங்க தெரிஞ்சுக்குவாங்க.

ஆனா ஒண்ணு, பொய் மட்டும் அவனுக்கு வராது. இதுக்கு முன்னால இருந்த ஊர்ல மேயரை வரையச் சொன்னாங்க. மேயருக்குக் காதுல முடி. இவன் அதை ஒண்ணு விடாம வரைஞ்சு வச்சான். மறுநாளே மூட்டையக் கட்ட வச்சுட்டாங்க.

அப்புறம் என்னாச்சு, இந்த ஊர்ச் சர்ச்சுல ஒரு பெரிய சுவரு வெறுமனே கிடந்துச்சு. பாதிரியாரு பாவம், சாது. அதுல சொர்க்கத்தை வரைஞ்சு குடுப்பான்னு கேட்டாரு. அதே சர்ச்சுக்குப் புதுசாக் கூரை போட்டுக் குடுத்தது பெரிய பங்களாக்காரம்மா. அந்தம்மா வந்து, நடுவுல நிக்கிற தேவதைக்கு என் மூஞ்சியத்தான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு. 

துரை சுவத்துக்கு முன்னால திரையக் கட்டிக்கிட்டான். குளிர்காலம் பூரா உள்ளேயிருந்து சரக் சரக்குன்னு சத்தம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை திரைய இழுத்தான், சர்ர்ர்...

சொர்க்கத்து வாசல்ல வரிசையா நம்ம ஊரு ரேஷன் கடை மாதிரி ஜனங்க நிக்கிறாங்க. எல்லாம் அந்த ஊர்க்காரங்க. பாதிரியாரும் வரிசையில குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒரு மூலையில மேகத்து மேல பங்களாக்காரம்மா வாயைப் பொளந்து தூங்குது. பிரசங்கம் நடக்கிறப்ப அது அப்படித்தானே தூங்கும்? நடுவுல, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் றெக்கைய விரிச்சுக்கிட்டு ஒரு தேவதை. யாரு?

ம்... நெல்லி. சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு, பல்லுச் சந்து தெரிய சிரிச்சுக்கிட்டு, மணிக்கட்டுல மீன் செதில் ஒட்டிக்கிட்டு.

சர்ச்சே கொல்லுன்னு சிரிச்சுது. நெல்லிக்குக் காது ரெண்டும் தீயாட்டம் எரியுது. அவளை யாரு கேட்டா? அவபாட்டுக்கு மீன் வித்துட்டு இருந்தவ. நேரா கடைக்குப் போனா. இருக்கிறதுலேயே பெரிய மீனா வாலைப் பிடிச்சு எடுத்தா. துரை வீட்டுக் கதவைத் தட்டினா. அவன் திறந்ததும் கன்னத்துல சளார்னு ஒண்ணு விட்டா.

துரை கன்னத்தைத் தொடைச்சுக்கிட்டான், தாடியாலதான். கோவப்படல. "அவ்ளோ பெரிய றெக்கையத் தூக்கணும்னா தோள்ல பலம் வேணாமா? இந்த ஊர்ல உன்னை விட்டா யாரு இருக்கா?"ன்னு கேட்டான்.

 நெல்லி மீனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. சட்டைக் கையைச் சுருட்டிட்டு, தன் தோளையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. ஊரு இத்தனை நாளா அவ கூடையத்தான் பாத்திருக்கு. அவளைப் பாத்தவன் இவன் ஒருத்தன்தான்.

தூங்கிட்டியா? ம், சரி.

பங்களாக்காரம்மா சும்மா இருக்குமா? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடின்னு உத்தரவு போட்டுச்சு. சர்ச்சுல மணியடிக்கிற ஆமோஸ், வாளியும் மட்டையுமா வந்தான். நெல்லிக்குப் பக்கத்து வீட்டுக்காரன். நெல்லி அவன் பக்கத்துல போய் நின்னா. திட்டல. எங்கேருந்து ஆரம்பிக்கப் போறே, மூஞ்சியிலேருந்தா, கால்லேருந்தான்னு மட்டும் கேட்டா. ஆமோஸ் சுவத்தைப் பாத்தான், அவளைப் பாத்தான். எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டு வாளியோட போயிட்டான்.

அப்புறம் அந்தம்மா வெளியூர்லேருந்து ஆளைக் கூட்டியாந்துச்சு. அவங்களுக்கு நெல்லியும் தெரியாது, கில்லியும் தெரியாது. நெல்லி பாத்தா. வரிசையில நிக்கிறாங்களே, அந்தப் படத்துல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரையும் திரட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டா. ஜெபம் நடக்கிறப்ப சுண்ணாம்பு அடிக்கக் கூடாது இல்லையா? பாடினாங்க. காலையில ஆரம்பிச்சு விளக்கு வைக்கிற வரைக்கும் பாடினாங்க. ஒருத்திக்கும் ராகம் தெரியாது. ஆஆஆ... ஊஊஊ... வெளியூர்க்காரங்க காதைப் பொத்திக்கிட்டு ஓடினவங்கதான்.

மூணாவதா, அந்தம்மா சொல்லி விட்டு, பிஷப்பே வந்துட்டாரு. டக்குடக்கு டக்குடக்குன்னு குதிரை வண்டியில. வயிறு முன்னால வருது, அவரு பின்னால வர்றாரு. அவரு ஒரு வார்த்தை சொன்னா அப்பீலே கிடையாது. சுவரு போச்சு, துரையும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். 

பிஷப்பு அண்ணாந்து பாத்தாரு. சிரிக்கல, முறைக்கல. மேல மேகத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கே, அது யாருக்குன்னு கேட்டாரு.

கடவுளுக்கு, ஏத்த மூஞ்சி இன்னும் கிடைக்கலன்னான் துரை.

பிஷப்பு தொண்டையக் கனைச்சாரு. தொப்பியக் கழட்டினாரு. ஜன்னல் வெளிச்சம் விழுற பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னாரு. நெல்லிக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா இந்தப் பைத்தியக்காரன் அவரைச் சுத்தி வந்து பாத்துட்டு, "உங்க மூக்கு"ன்னு ஆரம்பிச்சான்.

நெல்லி அவன் கால்ல மடேர்னு ஒரு மிதி மிதிச்சா.

நேத்து மீனை இன்னிக்கு மீனுன்னு வித்துப் பொழைச்சவ அவ. குரலைக் குழைச்சுக்கிட்டு, "ஐயா மாதிரி ஒருத்தர் வருவீங்கன்னுதான் அந்த இடத்தைக் காலியா வச்சிருந்தாரு"ன்னா.

பிஷப்பு மூஞ்சி இட்லி மாதிரி உப்பிப்போச்சு. கடவுள் உக்காரப் போற சுவத்துக்குச் சுண்ணாம்பா அடிப்பாங்கன்னு பங்களாக்காரம்மாவைக் கேட்டுட்டு வண்டி ஏறிட்டாரு.

துரைக்கு ஒரே கோவம். பொய்யை நான் வரைய மாட்டேன், சுவரு போனாப் போகுதுன்னு தொப்பி ரெண்டையும் கழட்டி வீசினான். நெல்லி அதைப் பொறுக்கி எடுத்து அவன் தலையில வச்சா. "உன்னை யாரு பொய் வரையச் சொன்னா? எந்தப் பக்கத்துலேருந்து பாத்தா அந்த ஆளு நிஜமாவே நல்லா இருக்காரோ, அந்தப் பக்கத்தை வரை."

துரை யோசிச்சான். மறுநாளே பிரஷ்ஷை எடுத்துட்டான்.

அப்புறம் பிஷப்பு திரும்ப வந்தப்ப, மேகத்து நாற்காலியில கடவுள் உக்காந்திருக்காரு. ஆனா அந்தப் பக்கம் திரும்பி. வழுக்கை மண்டை நிலா மாதிரி பளபளங்குது. முதுகு ஒரு மலை மாதிரி அகலமா இருக்கு. யாரைப் பாத்துக்கிட்டு இருந்தாரா? எனக்கென்ன தெரியும், திரும்பினாத்தானே கேக்கலாம்.

 பிஷப்பு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "என் முதுகை நான் பாத்ததே இல்லை"ன்னாரு. கண்ணு கலங்கிப்போச்சு அந்த மனுஷனுக்கு. அன்னியிலேருந்து போற இடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி, பக்கத்து ஊர்க்காரங்கெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்து பாத்தாங்க. சுவத்துல கை வைக்க அப்புறம் யாருக்குத் தைரியம்?

துரை என்ன ஆனானா? அடுத்த ஊர் சாராயக் கடைக்குப் பலகை எழுதக் கூப்பிட்டாங்க, சந்தோஷமாப் போயிட்டான்.

அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா நெல்லி, உடம்புல மீன் நாத்தம் அடிக்குதுன்னு, சர்ச்சு வாசப்படியிலேயே நின்னு ஜெபம் கேட்டுட்டுப் போயிடுவா. அடுத்த ஞாயித்துக்கிழமை கூடையோட உள்ளே வந்தா. நடந்தா, நடந்தா, முன்னால போய் முதல் பெஞ்சுல பங்களாக்காரம்மா பக்கத்துல தொப்புனு உக்காந்தா. அந்தம்மா கைக்குட்டைய மூக்குக்கிட்ட கொண்டுபோச்சு. அப்புறம் கீழே வச்சுட்டு, கொஞ்சம் நகந்து, கூடைக்கும் சேத்து இடம் விட்டுச்சு. பாதிரியாரு ரெண்டு பேரையும் பாத்தாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜெபத்தை ஆரம்பிச்சாரு.

நெல்லி உக்காந்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.