பின்வாங்காத பிஸ்டல்

சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யாயிருந்தாலும் நாளைக் காலை என் காப்பியில் ஈ விழட்டும். ஒன்றல்ல, ரெண்டு ஈ. போதுமா?

செம்பூரணி சமஸ்தானத்து ராஜா பராக்கிரம பூபதிக்கு பிஸ்டல் சுடும் போட்டி என்றால் பைத்தியம். ஆனால் வருஷா வருஷம் பக்கத்துச் சமஸ்தானத்து ராஜாதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் நம்மவர் சீமையிலிருந்து புது பிஸ்டல் தருவித்தார். அதன் குழாயை மூடியிருக்கும் மேல்சட்டத்தில் தம் குலச்சின்னமான பாயும் பன்றியைச் செதுக்கச் சொன்னார். வினை அங்கேதான் பிறந்தது.

இந்த மாதிரி பிஸ்டலில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேல்சட்டம் சடக்கென்று பின்னால் போகும். காலித் தோட்டாவைத் துப்பும். புதுசைக் கவ்விக்கொண்டு முன்னால் வரும். முன்னால் தள்ளுவது உள்ளேயிருக்கும் ஸ்பிரிங். அது கோணாமல் இருக்க நடுவே ஒரு கம்பி. அவ்வளவுதான் சங்கதி.

துப்பாக்கிக் கொட்டடி சடையாண்டியின் பொறுப்பில் இருந்தது. கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவனைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தன் மச்சினனை உட்காரவைக்க திவான் தில்லைநாயகத்துக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஒருநாள் திவான் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தார்.

“மகாராஜா! குலச்சின்னம் ஓரடிகூடப் பின்னால் நகரக்கூடாது என்பது உங்கள் பாட்டனார் போட்ட சட்டம். இந்தச் சடையாண்டி வைத்த ஸ்பிரிங்கைப் பாருங்கள்! சுடச்சுட நம் பன்றி பின்னால் ஓடுகிறது!”

ராஜாவுக்கு மீசை துடித்தது. “என்ன செய்யலாம்?”

“இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடச் சொல்லுங்கள். உள்ளே இரும்புக் கம்பியா? அது வண்டிக்காரன் வைக்கிறது. உங்களுக்குத் தங்கக் கம்பி!”

“மகாராஜா,” என்றான் சடையாண்டி, “கை ஆடக்கூடாதென்று போட்டித் தோட்டாவில் மருந்தைக் குறைத்திருக்கிறேன். அந்த மருந்துக்கு இவ்வளவு கெட்டி ஸ்பிரிங்கை அசைக்கத் தெம்பு கிடையாது. தங்கமோ, வளையும்.”

“ராஜாவின் தங்கமா வளையும்?” என்றார் திவான். கெட்டி ஸ்பிரிங்கும் தங்கக் கம்பியும் பிஸ்டலுக்குள் ஏறின.

போட்டிக்கு முந்தின நாள் அரண்மனை மைதானத்தில் ஒத்திகை. பந்தலுக்கடியில் ராஜா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுட்டார். டப்! முதல் குண்டு போனது. மேல்சட்டம் நூலளவு நகர்ந்து அப்படியே சிக்கிக்கொண்டது. காலித் தோட்டா வெளியே வரவில்லை. ரெண்டாவது குண்டும் இல்லை. பன்றி மட்டும் கம்பீரமாக இருந்தது.

“சடையாண்டி!” ராஜா கத்தினார். “சின்னம் மயிரிழையும் பின்னால் போகக்கூடாது. குண்டும் வரிசையாகப் போகவேண்டும். பொழுது சாய்வதற்குள் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடு. இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டுப் போ!”

திவான் சிரிப்பை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

சடையாண்டி கும்பிட்டான். “உத்தரவு மகாராஜா. ஒரு சந்தேகம். இந்தச் சட்டம் பிஸ்டலுக்கு மட்டும்தானா?”

“சின்னம் எங்கே இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்! இரும்பானால் என்ன, ஆளானால் என்ன!”

“சந்தோஷம். திவான் ஐயாவுக்குச் சாப்பாட்டு நேரமாயிற்று. பாவம், அனுப்பிவையுங்கள்.”

“போய்ச் சாப்பிட்டு வாரும் ஐயா,” என்றார் ராஜா.

ராஜாவுக்கு முதுகு காட்டாமல், குனிந்தபடி பின்னாலேயே நடந்து வெளியே போவதுதான் அங்கே வழக்கம். திவான் குனிந்தார். ஒரு காலைப் பின்னால் தூக்கினார்.

“ஐயையோ! நிறுத்துங்கள்!” என்று அலறினான் சடையாண்டி. “மார்பிலே பன்றி!”

திவானின் மார்பில், பதவிக்கு அடையாளமாகக் குத்தியிருந்த பாயும் பன்றி வில்லை பளபளத்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

“அடேய், திரும்பிப் போகிறேன்.”

“ராஜாவுக்கு முதுகு காட்டியா? அதற்குப் பன்னிரண்டு கசையடி ஆயிற்றே.”

“வில்லையைக் கழற்றிவிடுகிறேன்!”

“ராஜா முன்னால் கழற்றினால் பதவியை விட்டதாக அர்த்தம். மச்சினரோடு நீங்களும் வீட்டில் இருக்கலாம்.”

“பக்கவாட்டில்…”

“நண்டு மாதிரியா? தாராளமாக. எத்தனை வருஷம் நகர்ந்தாலும் பந்தல் வாசல் உங்களுக்குப் பின்னால்தானே இருக்கும்? முன்னால் வேண்டுமானால் நடங்கள்.”

திவான் முன்னால் ஓரடி வைத்தார். இன்னும் ஓரடி. அவர் தொந்தி ராஜாவின் மூக்கில் இடித்தது.

“என்னய்யா இது!” என்றார் ராஜா.

வெயில் ஏறியது. சமையற்கட்டிலிருந்து நெய் வாசனை வந்தது. திவானின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது.

“மகாராஜா! கொஞ்சம் பின்னால் போக அனுமதி கொடுங்கள்!”

“எதுவரைக்கும்?” என்று கேட்டான் சடையாண்டி.

“வாசல்வரைக்கும் போதும்! வயிறு காலி! நிரப்பிக்கொண்டு உடனே முன்னால் வந்துவிடுகிறேன், சத்தியம்!”

“மகாராஜா, கேட்டீர்களா? மேல்சட்டமும் இதைத்தான் கேட்கிறது. கொஞ்சம் பின்னால் போகவேண்டும், காலியை நிரப்பவேண்டும், உடனே முன்னால் வரவேண்டும். இதில் குலத்துக்கு என்ன இழுக்கு?”

ராஜா திவானைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார். “சட்டம் தள்ளுபடி! ரெண்டு பன்றியும் பின்னால் போகலாம்!” என்றார். திவான் போன வேகத்துக்கு எந்த ஸ்பிரிங்கும் ஈடாகாது.

சடையாண்டி பிஸ்டலைப் பிரித்தான். ஒரே குண்டுக்குத் தங்கக் கம்பி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. அதை அவனுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார் ராஜா. இரும்புக் கம்பி உள்ளே போனது.

“இனி என்ன? இருப்பதிலேயே மெலிந்த ஸ்பிரிங்கைப் போடு. சுலபமாகப் பின்னால் போகட்டும்,” என்றார் ராஜா.

“வேண்டாம் மகாராஜா. கெட்டி ஸ்பிரிங் சாப்பாட்டுக்கு முந்தின திவான், இருந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். மெலிந்தது சாப்பாட்டுக்குப் பிந்தின திவான். அதோ பாருங்கள், போனவர் இன்னும் வந்தாரா?”

ராஜா சிரித்த சிரிப்பில் பந்தல்கால் ஆடியது. நடுத்தர ஸ்பிரிங்கோடு மறுநாள் கோப்பையும் வந்தது. திவான்தான், சாப்பிடப் போன அன்று, சாயங்காலம் வரை வரவில்லை.

இதை யார் சொன்னதென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். இன்று மத்தியானம் எனக்குத் திவானின் பேரன் வீட்டில்தான் சாப்பாடு.