ஏரிக்கரைக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய கோணம்பட்டிக்காரர்கள்

கோணம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. புதுசு கலையாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் சுருளியாண்டிக்கு மலைமேல் இருக்கிற மேலக்குண்டில் ஒரு பெண் அமைந்தது. பெயர் சிட்டம்மா. மேலக்குண்டு வழக்கப்படி பெண் பார்ப்பது வீட்டில் இல்லை. மலையேரிக் கரையில், கன்னிமார் கல்லுக்கு முன்னால். "வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்கு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா வேற மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிருவேன்" என்று பெண்ணின் அப்பா மலைக்கொழுந்தன் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து சுருளிக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே பல இடம் தட்டிப்போனவன். இதுவும் போனால் இந்த ஜென்மத்துக்குக் கல்யாணம் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

"நீ ஏன்டா மாப்ளே கவலைப்படுற? காரியத்தை என் கையில விடு" என்றார் தாய்மாமன் மொக்கராசு. தட்டிப்போன இடங்களும் அவர் கையில் விட்டவைதான்.

மலையிலிருந்து குதிரையில் காப்பிக்கொட்டை மூட்டை இறக்குகிற சீனிமைதீனிடம் மாமா யோசனை கேட்டார்.

"கடுசான ஏத்தமும் இல்ல, லேசும் இல்லண்ணே. காலையில கெளம்பினா மத்தியானம் ஏரி, பொழுது சாய வீடு. புதுச் செருப்புன்னா முன்னாடியே பழக்கிக்கங்க. தோள்ல கனம் சேக்காதீங்க. மெதுவா நடக்கிற ஆளை முன்னால விட்டுட்டு, அவரைத் தாண்டாம மத்தவங்க பின்னால போங்க" என்றார் சீனிமைதீன். நல்ல மனுசர். யாரிடம் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சுருளிக்கு வாங்கிய புதுச் செருப்பைப் பழக்கும் பொறுப்பை மாமாவே ஏற்றுக்கொண்டார். தினமும் சாயங்காலம் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். "இதுதான் டீக்கடை. இது ஊருணி. இந்த வீட்டு நாய் கடிக்கும், பாத்து இருந்துக்க" என்று அதற்கு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். வலது செருப்பு சீக்கிரம் புரிந்துகொள்கிறது, இடதுதான் கொஞ்சம் மந்தம் என்று ஊரில் சொல்லி வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சுருளியும் மாமாவும் கூட்டாளிகள் ஒச்சப்பனும் வைரவனும் மலையடிவாரத்தில் கூடினார்கள். வைரவன் ஒரு பெரிய தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தான்.

"கனம் கூடாதுன்னு சொன்னாரேடா!" என்று அலறினார் மாமா.

"கொட்டிரவா?"

"சோத்தைக் கொட்டுனா பாவம்டா. தோள்லதானே கனம் கூடாதுன்னாரு? வயித்துல கூடாதுன்னு சொல்லலையே!"

அடடா, என்ன அறிவு! மத்தியானச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து வழித்துத் தின்றார்கள். தின்றபிறகு யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. தோள் மட்டும் காற்றாக இருந்தது.

ஒருவழியாக எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. "மாமா, கெளம்புவோமா?" என்று கெஞ்சினான் சுருளி.

"இரு மாப்ளே. நம்மள்ல யாரு மெதுவா நடக்கிறவன்?"

"நான்தான்" என்றான் வைரவன். "எங்காத்தா தினமும் அதைச் சொல்லித்தான் திட்டும்."

"ஏன், என்னைய மட்டும் கொஞ்சுதாக்கும்?" என்று எகிறினான் ஒச்சப்பன்.

வாய்ப்பேச்சில் தீராத வழக்கு. மாமா தரையில் ஒரு கோடு கிழித்தார். தூரத்துப் புளியமரத்துக்குக் கடைசியில் வந்து சேருபவனே ஜெயித்தவன் என்றார். பந்தயம் தொடங்கியது. வைரவன் ஒரு காலைத் தூக்கி, கீழே வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். ஒச்சப்பன் காலையே தூக்கவில்லை.

சுருளி அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். சூரியன் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் விறுவிறுவென்று மேலே போனது. "மாமா, பொண்ணு போயிரும் மாமா!"

"பொண்ணு போனா இன்னொண்ணு பாக்கலாம்டா. வரிசை போச்சுன்னா மானம் போயிரும்!"

வைரவன் நிலை தடுமாறிக் காலைக் கீழே ஊன்றிவிட்டான். அசையாமல் நின்ற ஒச்சப்பனே உலகத்திலேயே மெதுவானவன் என்று மாமா தீர்ப்புச் சொல்லி, அவனை முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"போடா ஒச்சப்பா!"

"போனா வேகமாயிருவேனேண்ணே! அப்புறம் பட்டம் வைரவனுக்குப் போயிரும்ல?"

நியாயமான கேள்வி. அவனைத் தாண்டிப் போகவும் கூடாது. ஆகவே நின்றார்கள். நிழல் சுருங்கியது, பிறகு மறுபக்கம் நீண்டது. சுருளி ஒச்சப்பன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்று விக்கி விக்கி அழுதான்.

அப்போதுதான் மலைப்பாதையில் மீசைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னால் தாவணி கட்டிய ஒரு பெண்.

"கோணம்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"நான்தாங்க அந்த மாப்பிள்ளை!" என்று கத்தினான் சுருளி.

"நல்லா இருக்குய்யா! ஏரிக்கரையில காத்துக் காத்துக் கண்ணு பூத்துப் போச்சு" என்றார் மலைக்கொழுந்தன். "சரி, பொழுது இன்னும் சாயலை. வந்தது வந்தாச்சு. இங்கேயே பாத்துப் பேசி முடிச்சிருவோம்."

சுருளிக்கு உயிர் வந்தது. சிட்டம்மா லேசாகத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அழகி என்றால் அப்படி ஒரு அழகி!

"அதெப்படி முடியும்?" மாமா குறுக்கே புகுந்தார். "நீங்க சொன்னது ஏரிக்கரை. இங்க ஏரி எங்க இருக்கு?"

போச்சு, எல்லாம் போச்சு என்று சுருளி தலையில் கை வைத்தான். மலைக்கொழுந்தன் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தார். ஒரு புதரை விலக்கியும் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ஆமா! இல்லையே! தப்பு என்மேலதான் சம்பந்தி. நாங்க மேல போய் நிக்கிறோம், நீங்க வாங்க. ஆனா பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா பொண்ணு கிடையாது. சொல்லிட்டேன், ஆமா!"

"அது முறை" என்றார் மாமா.

அப்பாவும் மகளும் திரும்பி ஏறத் தொடங்கினார்கள். நாலடி போனதும் சிட்டம்மா நின்றாள்.

"ஏம்ப்பா, பொண்ணு பாக்குறதே இனிமேதானே? அதுக்கு முன்னாடி நான் மாப்பிள்ளையைப் பாத்துட்டேனே, அது தப்பில்லையா?"

"பாத்ததைப் பாக்காம ஆக்கிரு தாயி."

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடினபடியே நடந்து, வழியில் கிடந்த பாறையில் போய் முட்டி, "மன்னிச்சுக்கங்க மாமா, பாக்கலை" என்று பாறையிடம் கும்பிட்டு மேலே ஏறினாள்.

சுருளி அப்படியே உருகிப் போனான். கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும். தனக்கு மட்டும் வேறு நியாயமா என்று அவனும் துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மாமா, எனக்கு அவ எப்படி இருப்பான்னே தெரியாது, அழகா இருப்பாளா?" என்று கேட்டான்.