ஆர்.எஸ். புரத்திலிருந்து வந்த கேக்

மொட்டைக்கல்பாளையத்து ஆட்களைப் பற்றி வெளியூரில் ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள். அதையெல்லாம் நம்பாதீர்கள். நான் அந்த ஊர்க்காரன், உள்ளதைச் சொல்கிறேன். உள்ளது அதைவிட மோசம்.

எங்கள் ஊர் சென்னியப்பன் மகள் மைதிலிக்கும் கோயமுத்தூர் மாப்பிள்ளை கிருபாகரனுக்கும் நிச்சயம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, மாப்பிள்ளைக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையின் அம்மா சுலோச்சனா இருந்தார்.

"எங்க சொந்தத்துல இப்பெல்லாம் நிச்சயத்துக்கு கேக் வெட்டறாங்க. கேக்கை வெட்டுனதுக்கு அப்புறந்தான் நான் தட்டு மாத்துவேன்" என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நிச்சயத்தன்று காலையில் கேக் வாங்கக் கிளம்பியவர்கள் மூன்று பேர். ஒன்று, சென்னியப்பன். இரண்டு, அவர் மச்சினன் நாச்சிமுத்து. பெண்ணுக்குத் தாய்மாமன், நல்ல சாப்பாட்டு ராமன். மூன்று, பங்காளி மாரப்பன். மாரப்பன் ஒருமுறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறியிருக்கிறான். அதனால் கோயமுத்தூர் விஷயத்தில் ஊரே அவன் சொல்வதைத்தான் கேட்கும்.

நிச்சயத்தன்று பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மைதிலி வாசலில் நின்று படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, அங்க ஊரு பூரா பேக்கரிதான். சாப்பிட்டுப் பாத்து, நல்லா இருக்கறத வாங்குங்க. கடைக்காரங்க என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யுங்க. நீங்களா எதையும் யோசிச்சுப் போடாதீங்க. என்ற வாழ்க்கைங்ப்பா."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. யோசிப்பதே இல்லை என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னார். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

முதல் பேக்கரியில் கப் கேக் வந்தது. ஆளுக்கு ஒன்று, காகிதக் கிண்ணத்தில், மேலே ரோஜா நிறத்தில் கிரீம் சுற்றி வைத்து. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"காயிதத்தையும் சேத்துத் திங்கறதுங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

"வாழை இலையில சாப்பிடறோம். இலையத் திங்கறமா?" என்றார் நாச்சிமுத்து.

"வெத்தலையும் இலைதானுங்க. அதைத் திங்கறமல்ல" என்றான் மாரப்பன்.

மூவரும் காகிதத்தோடு தின்றார்கள். மேலே இருப்பது வழவழவென்று தொண்டையில் நிற்காமல் போய்விடுகிறது, அடியில் இருப்பதுதான் மெல்லுவதற்குப் பதமாக இருக்கிறது என்பது நாச்சிமுத்துவின் கருத்து. கடைக்காரரிடம் அடிப்பகுதி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். கடைக்காரர் உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது பேக்கரியில் குக்கீஸ். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கி, நெய் வாசனையோடு கமகமவென்று இருந்தது. சென்னியப்பன் ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகம் சுருங்கியது. உள்ளே முழுக்கக் கறுப்புக் கறுப்பாக ஏதோ. அவர் பரம்பரை விவசாயி; அரிசியில் ஒரு கல் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பொறுமையாக உட்கார்ந்து அத்தனை குக்கீஸிலும் இருந்த சாக்லேட்டைப் பொறுக்கி எடுத்துக் காகிதத்தில் குவித்து, கல்லாவில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அம்மணி, மாவச் சலிக்கறவங்களக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. யாருக்காச்சும் பல்லு போயிரப் போகுது."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பாவம், கடையின் மானம் போனதில் அழுகிறது என்று நினைத்து, ஆறுதலுக்காக வெள்ளையில் ஒரு பை, கறுப்பில் ஒரு பை என்று குக்கீஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மூன்றாவதுதான் ஆர்.எஸ். புரத்துப் பெரிய பேக்கரி. உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று காற்று. கண்ணாடி அலமாரியில் மூன்று அடுக்கு கேக் ஒன்று தேர் மாதிரி நின்றது. நாச்சிமுத்து கதவைத் திறந்து ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் மென்றார்.

"மச்சான், இதுதான். லேசா இருக்குது, இனிப்பும் தூக்கலா இல்ல."

கடைப்பெண் ஓடி வந்தாள். "ஐயா, அது தெர்மக்கோல். பார்வைக்கு வெச்சிருக்கோம்."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்றார் சென்னியப்பன்.

"அது கெடவே கெடாதுங்க. ஆனா திங்கற கேக் ரெண்டு நாள்தான் இருக்கும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெடாத கேக்கை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கெட்டுப்போகிற கேக்கை ஜனங்கள் தலையில் கட்டுகிறார்களே. ஆனாலும் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்கச் சொல்லியிருக்கிறாள் மகள். மனசில்லாமல் தலையாட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து மேசையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள், எல்லாரும் பாடினார்கள், குழந்தை கன்னத்தை உப்பவைத்து 'ஃபூ' என்று ஊதி அணைத்தது. அதற்குக் கைதட்டல் வேறு.

எங்கள் ஊர் ஆட்கள் மூவரும் பதறிப்போனார்கள். நல்ல நாளும் அதுவுமாக விளக்கை வாயால் ஊதி அணைக்கிற குடும்பத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. சென்னியப்பன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஏற்றி வைத்தார். குழந்தை ஊதியது. அவர் ஏற்றினார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி ஊதியது. தீப்பெட்டி காலியாகும்வரை இது நடந்தது. அந்தக் குழந்தை இத்தனை நல்ல பிறந்தநாளை இனிமேல் பார்க்கப்போவதில்லை.

"கேக்ல பொண்ணு மாப்பிள்ளை பேரை எழுதணுங்களா?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"எழுதோணும்" என்றார் சென்னியப்பன். பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "மாப்ள, அப்புறம் அந்தப் பேரு மேலயே கத்திய வெக்கோணுமே."

"பொண்ணு மாப்பிள்ளை பேர நட்டநடுவுல வெட்டறதா? எந்தத் தாய்மாமன் சம்மதிப்பான்?"

"கத்தி படாத எடமாப் பாத்து எழுதிரலாமுங்க" என்றான் மாரப்பன். அப்படி ஒரு இடத்தைத் தேடி, கடைசியில் அட்டைப்பெட்டி மூடியின் மேல் கிரீமால் எழுத வைத்தார்கள். கடைப்பெண்ணும் எழுதிக் கொடுத்தாள். கேக்கின் நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்து, கூட ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் ஒரு தீப்பெட்டியும் கொடுத்துச் சொன்னாள்: "மொதல்ல மெழுகுவத்திய ஏத்தணும். அப்புறந்தான் கேக்குல கை வைக்கணும். மறந்துராதீங்க."

அவர்கள் மறக்கவில்லை. அங்கேயே ஏற்றினார்கள். அப்புறந்தான் கேக்கைத் தூக்கினார்கள்.

கொழுந்துவிட்டு எரிகிற மெழுகுவர்த்தியோடு பஸ் ஏற வந்தவர்களைக் கண்டக்டர் மறித்தார். "நெருப்ப அணைச்சுட்டு ஏறுங்க."

"அணைச்சா என்ற புள்ள வாழ்க்கையே அணைஞ்சு போயிருமுங்க" என்றார் சென்னியப்பன்.

படியருகில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. இது என்ன சாமி, எங்கிருந்து வருது என்று கேட்டார். ஆர்.எஸ். புரத்தில் இருந்து வருது என்றான் மாரப்பன், உள்ளதை உள்ளபடி. பூக்கார அம்மா ஒரு முழம் மல்லிகையைக் கேக்கைச் சுற்றி வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு விசில் ஊதினார். காற்று வராமல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி தீரும்போது அதிலிருந்தே இன்னொன்றை ஏற்றினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். பஸ் எங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது, கேக் சம்மதிக்காமல் இறங்கவே பயந்தார் ஒரு பயணி.

நிச்சய வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்தார்கள். பந்தலின் நடுவில் கேக் வந்து அமர்ந்தது. ஊர் ஜனம் எழுந்து கும்பிட்டது.

"நல்ல நேரம் முடியப்போகுது. வெட்டுங்க" என்றார் சுலோச்சனா.

"சாமியவா?" என்றது ஊர் ஜனம்.

"வெட்டலைன்னா தட்டு மாத்த மாட்டேன்."

மைதிலி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நானாக இருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன். சென்னியப்பன் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சாமிகிட்டயே உத்தரவு கேட்டுரலாமுங்க."

எங்கள் பக்கம் பூக் கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

"பேக்கரிச் சாமிங்க இது. பூவுல கேட்டா அதுக்கு என்ன புரியும்?" என்றான் மாரப்பன். அதுவும் நியாயமாகப் பட்டது. கோயமுத்தூரில் வாங்கிய வெள்ளைக் குக்கீஸில் ஒன்று, கறுப்பில் ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் கேக்கின் முன்னால் வைத்தார்கள். வெள்ளை என்றால் வெட்டலாம், கறுப்பு என்றால் கூடாது. எடுத்துப் பிரிக்கிற பொறுப்பு தாய்மாமனுக்கு.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாச்சிமுத்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தார், பிரித்தார், வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமா, என்ன கலருங் மாமா?" என்று மைதிலி கிட்டத்தட்ட அலறினாள்.

"கண்ண மூடியிருந்தனே அம்மணி. ஆனா நல்லா இருந்துச்சு."

"மீதி இருக்கறதப் பிரிங்க. அதை வெச்சுத் தெரிஞ்சுக்கலாம்" என்றான் கிருபாகரன். கெட்டிக்காரப் பையன். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது மாரப்பன் மென்றுகொண்டிருந்தான். ஒன்றை மட்டும் தின்று பார்த்து எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் சென்னியப்பன்.

"அதுவும் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டும் நல்லா இருந்துருக்குது. வெட்டுன்னும் சாமி சொல்லிருச்சு, வெட்டாதேன்னும் சொல்லிருச்சு. ரெண்டு சொல்லையும் நாம காப்பாத்தோணும்."

கத்தியைக் கொடுத்தார்கள். கண்ணீரும் சிரிப்புமாக மைதிலி பிடிக்க, அவள் கைமேல் கிருபாகரன் கை வைக்க, கேக் இரண்டாக வெட்டுப்பட்டது. சுலோச்சனா முகம் மலர்ந்து தட்டை மாற்றினார். மேளம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் மூவரும் கேக்கின் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி, பெட்டி மூடியில் இருந்த பெயர்களை விரலால் வழித்தெடுத்து, வெட்டிய கோடு துளியும் தெரியாமல் பூசி மெழுகிவிட்டார்கள்.

தட்டு மாற்றிய சந்தோஷத்தோடு சுலோச்சனா சின்னத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "எனக்கு ஒரு துண்டு கேக் குடுங்க சம்பந்தி."

சென்னியப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெட்டுனாத்தானுங்க சம்பந்தி குடுக்க முடியும்."