இரண்டு டிரம் தண்ணீர்

"பதினெட்டு," என்றார் சூசைமாணிக்கம்.

மீட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி அளந்தார். பதினெட்டு ஓம்தான். மண்ணின் மின்தடை ஐந்துக்குள் வந்தால்தான் மின் ஆய்வாளர் ஒப்புக்கொள்வார். அவர் நாளைக் காலை வருகிறார்.

பனியன் கம்பெனியின் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்டாயிற்று. அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டங்களிலிருந்து ஓர் உலோகப் பட்டை இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த எர்த் குழிக்குள் போகிறது. எங்காவது ஒயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டால், கரண்ட் இதன் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். மண் காய்ந்திருந்தால் சரியாகப் போகாது. இரும்பிலேயே நிற்கும்; தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். மெயினை அணைத்தும் பயனில்லை. வெயில் இருக்கும்வரை பேனல் அணையாது.

சூசை இருபது வருஷம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். சோலார் வேலையைப் பாத்திமுத்துவிடம் கற்றுக்கொண்டார். பாத்திமுத்து அவரைவிடப் பத்து வயது சின்னவர். சூசை பாத்திமுத்துவை "டீச்சர்" என்பார், பாத்திமுத்து சூசையை "அண்ணே" என்பார். இரண்டு பேருக்கும் இதில் கூச்சம் கிடையாது.

சூசை தன் பெயரில் எடுத்த முதல் வேலை இது.

மேனேஜர் தெய்வசிகாமணி வந்தார். நல்ல மனுஷன்தான். அவசரக்காரர், அவ்வளவுதான்.

"ஏப்பா சூசை, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"ரீடிங் வரலீங்க சார்."

"வரலீன்னா வர வெக்கோணும். இதெல்லாம் நான் சொல்லித் தரோணுமா? விடியால ரெண்டு டிரம் தண்ணி, ஒரு மூட்டை உப்பு. குழியில ஊத்து. அவரு பத்து மணிக்கு வருவாரு, மத்தியானம் போயிருவாரு. அப்புறம் மண்ணு காஞ்சா யாரு கேக்கறா?"

"இன்னொரு குழி தோண்டி, ஆழமா ராடு எறக்கி, ரெண்டையும் சேத்துட்டா நிக்குமுங்க. கீழ பாறைங்க. நாலு நாள் குடுத்தீங்கன்னா..."

"நாலு நாளா? இந்தத் தேதிய விட்டா அடுத்த தேதி எப்பன்னு அந்த ஆபீசுக்கே தெரியாது. முதலாளிகிட்ட நீ வந்து சொல்றியா?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "பாக்கி மூணு ஷெட்டு சோலார் வேலையும் உனக்குத்தான்னு நெனச்சிருந்தேன். நாளைக்குப் பாஸ் ஆகலீன்னா வேற ஆளு. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

ஆளை விட்டு இரண்டு டிரம்மையும் அப்போதே நிரப்ப வைத்தார். உப்பு மூட்டையையும் பக்கத்தில் இறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

டீ நேரத்தில் பாத்திமுத்து ஸ்கூட்டரில் வந்தார். டிரம்மைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தறது தப்பா? அதுக்குத்தான குழாயே வெச்சிருக்கு?"

"தப்பில்லையே."

"அப்ப ஊத்தலாம்?"

"மாடிக்கு வாங்கண்ணே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மேல வாங்க."

வெயில் சாயவில்லை. பேனல்கள் வரிசையாகப் பளபளத்தன. கடைசி வரிசையின் இரும்புச் சட்டத்தில் ஈரத்துணி தொங்கியது. சுடிதார், துண்டு, தலையணை உறை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. மண்டையோடு படம் போட்ட அபாயப் பலகையின் மேலும் ஒரு துண்டு.

சூசைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யாரு இங்க துணி போட்டது?"

"நான்தான். ஏன் கத்துறீங்க?" வாளியோடு ஒரு பெண் நிமிர்ந்தாள். பெயர் நாகஜோதி. கம்பெனி ஹாஸ்டலில் தங்கித் தையல் மிஷின் ஓட்டுபவள்.

"பலகையப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். எங்க மிஷின்லயும் இதே மண்டையோடுதான் ஒட்டியிருக்கு. தெனமும் அது கூடத்தான் உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் அது ஒண்ணும் பண்ணல."

"கயிறு கட்டிக் காயப்போட வேண்டியதுதான?"

"கட்டிக் குடுங்க. கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. இருந்த எடத்தையெல்லாம் நீங்கதான் கண்ணாடி போட்டு அடைச்சிட்டீங்க."

பாத்திமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டார். சூசை அடக்கவில்லை, அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

"இனிமே இதுல போடாதம்மா."

"சரிண்ணே, நான் போடல. ஹாஸ்டல்ல அத்தனை பேரு இருக்காங்க. மாசா மாசம் புதுசா வேற வர்றாங்க. அவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா? நீங்க இங்கயே நிப்பீங்களா?"

சூசை துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். துணி இருந்த இடத்தில் இரும்பு நனைந்து கறுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"என்ன பண்ணட்டும், சொல்லுங்க. மூணு ஷெட்டு வேலை டீச்சர். நாளைக்கு ஒரு நாள் சரியா இருந்தா போதுங்கறாரு."

"ஊத்திருங்கண்ணே."

சூசைக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"ஆமா, ஊத்திருங்க. ஊத்திட்டு மேல வந்து, குழி ஈரமா இருக்கற எந்தெந்த நாள்ல துணி காயப்போடலாம்னு இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

நாகஜோதி வாளியைக் கீழே வைத்தாள். கேலி செய்கிறார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

"எந்த நாளுண்ணே?" என்றாள்.

சூசை படியிறங்கிப் போனார்.

காலையில் ஆய்வாளருக்கு முன்னாலேயே மேனேஜர் வந்துவிட்டார். பழைய குழிக்குச் சற்றுத் தள்ளிப் புதுக் குழி ஒன்று இடுப்பளவு இறங்கியிருந்தது. உள்ளே சூசை நின்றார். கடப்பாரை பாறையில் பட்டு நங்கென்றது.

"யோவ், தண்ணி ஊத்தச் சொன்னேனே?"

"டீச்சரும் அதத்தான் சார் சொன்னாங்க," என்றார் சூசை, நிமிராமல்.

டிரம் இரண்டும் விளிம்பு வரை நிறைந்து நின்றன. உப்பு மூட்டையின் தையல்கூடப் பிரிக்கப்படவில்லை.