ரெஜினா அக்கா வீட்டுக் கத்திரிக்காய்

"அக்கா, கமிட்டில எனக்காக நீங்க பேசுறீங்களா?" என்று கேட்டாள் பவளக்கொடி.

ரெஜினா வாசலில் நின்றபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"உள்ள வா."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ரெஜினாவிடம் போனால் அப்படித்தான் என்று அவள் வளரும் ஆதரவற்றோர் இல்லத்துப் பெண்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

ரெஜினாவும் அந்த இல்லத்தில் வளர்ந்தவள்தான். பதினெட்டு முடிந்து வெளியே வந்தவள், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் இல்லத்தைவிட்டுக் கிளம்பும் காலம் வந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத்தான் தேடிப் போவார்கள். போதனை எதுவும் செய்யமாட்டாள். சோறு போடுவாள்.

பவளக்கொடிக்கு ஆனியில் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் இல்லத்தில் இடமில்லை. பெரிய பெண்களை இல்லத்தை நடத்தும் கமிட்டிக்காரர்கள் தையல் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல மனிதர்கள், யாரையும் அம்போவென்று விட்டதில்லை. அதனாலேயே அவர்களிடம் யாரும் வேறெதுவும் கேட்டதில்லை.

"உனக்கு என்ன படிக்க ஆசை?"

"ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். ஐ.டி.ஐ.ல இருக்காம்."

சொல்லிவிட்டு ஏதோ திருடி அகப்பட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன கோடையில் இல்லத்து ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றியபோது டார்ச் பிடித்தது அவள்தான். செத்துக் கிடந்த பெட்டி மறுபடி உறுமியதும் அவளுக்குப் புல்லரித்துப்போனது. அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

"வார்டன் அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

ரெஜினா இரண்டு தட்டுகளை வைத்தாள். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வதக்கல்.

பவளக்கொடிக்குக் கத்திரிக்காய் ஆகவே ஆகாது. வாயில் வைத்ததுமே தொண்டை அரிக்கும். ஆனால் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. அங்கே சாப்பாடு என்பது யாரோ ஒருவர் பிறந்தநாளுக்கோ திதிக்கோ கொண்டுவந்து கொடுப்பது. கொடுத்தவர் முன்னால் வரிசையாக நின்று, கைகூப்பி, "நன்றி ஐயா, நன்றி அம்மா" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். பிறகு மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். பிடிக்குமா என்று கேட்கிறவர்களும் இல்லை, பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களும் இல்லை.

மென்றாள், விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

கைகள் தாமாகக் குவிந்தன. "நல்லா இருந்துச்சுக்கா. நன்றி."

"சரி. அடுத்த ஞாயிறு வா."

"அக்கா, கமிட்டி..."

"அடுத்த ஞாயிறு வா."

அடுத்த ஞாயிறு எண்ணெய்க் கத்திரிக்காய். அதற்கடுத்த ஞாயிறு சோற்றையே கத்திரிக்காய் போட்டுக் கிளறி வைத்திருந்தாள். இந்த அக்காவுக்குச் சந்தையில் வேறு காயே கண்ணில் படாதா என்று பவளக்கொடி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். கமிட்டி கூடும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறும் வந்தது.

"இன்னிக்கு என்னக்கா?"

"கத்திரிக்கா."

கரண்டி தட்டை நோக்கி வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பவளக்கொடி தட்டைக் கையால் மூடினாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வேண்டாம்க்கா. எனக்குக் கத்திரிக்கா பிடிக்காது." குரல் எழும்பவே இல்லை. "தொண்டை அரிக்கும். சின்ன வயசுலேர்ந்தே."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இனி இந்தப் படியை மிதிக்க முடியாது என்று நினைத்தாள்.

ரெஜினா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரிக்குமா? அது எனக்குத் தெரியாதுடி." அவள் கழுத்தை மெல்லத் தடவிக்கொடுத்தாள். "பிடிக்கலேங்கிறது, நீ தண்ணி குடிச்ச வேகத்துலயே தெரிஞ்சுது. எனக்கும்தான் பிடிக்காது. நீ எப்ப வாயத் திறப்பேன்னு இத்தனை வாரமா நானும் கூடச் சேர்ந்து தின்னுட்டிருக்கேன்."

பவளக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ரெஜினா எழுந்து முட்டையை எடுத்தாள்.

"ஆம்லெட்டா, பொடிமாஸா?"

பவளக்கொடியை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்தாள். ரெஜினா அவசரப்படுத்தவில்லை.

"பொடிமாஸ். மிளகு கொஞ்சம் தூக்கலா."

"போட்டுட்டாப் போச்சு."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பவளக்கொடி மறுபடி ஆரம்பித்தாள். "அக்கா, கமிட்டில..."

"நான் இல்லத்துக் கேட்டுக்கு வெளிய நிக்கிறேன்" என்றாள் ரெஜினா.

கமிட்டித் தலைவர் தணிகாசலம் தங்கமான மனிதர். கூட்டத்தில் சிரித்துக்கொண்டே பேசினார். "தையல் கிளாஸ்ல உனக்கு இடம் சொல்லி வெச்சாச்சும்மா. முடிச்சதும் மிஷினும் நாங்களே வாங்கித் தர்றோம். சந்தோஷம்தானே?"

பவளக்கொடியின் கைகள் வழக்கம்போல உயர்ந்தன. இரண்டும் சேர்வதற்குள் தொண்டை அரித்தது.

கைகளை இறக்கிக்கொண்டாள்.

"ஐயா, எனக்குத் தையல் வேண்டாம்."

வார்டன் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தலைவரின் சிரிப்பு அப்படியே நின்றது. பவளக்கொடி அந்தக் கோடையைச் சொன்னாள், டார்ச் பிடித்ததைச் சொன்னாள், ஐ.டி.ஐ.யைச் சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் நிற்கவில்லை.

அவள் வெளியே வந்தபோது, ரெஜினா கேட்டுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க."

ரெஜினாவின் முகம் வாடிப்போனது. யோசிச்சுச் சொல்றோம் என்றால் அந்த இல்லத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

"நீ நன்றின்னு கும்பிட்டுட்டு வந்துட்டியாக்கும்?"

"கும்பிட்டேன்க்கா" என்றாள் பவளக்கொடி. "கும்பிட்டுட்டு, எந்தத் தேதிக்குள்ள சொல்வீங்கன்னு கேட்டேன்."